புறங்கையில் இருந்த முடிச்சுகள்: பரம்பரைக் கொலஸ்ட்ரோல் உள்ள ஒரு கரைவலைத் தொழிலாளி

ஜூன் மாதம். கச்சான் காற்று வீசி, கடல் அடங்கிக் கிடக்கும் காலம். திருகோணமலைக் கரையில் கரைவலைத் தொழில் மும்முரமாக நடக்கும் மாதங்களில் ஒன்று. அப்படி ஒரு நாளில்தான் அவர் கிளினிக்குக்கு வந்தார். வயது 37. உப்புவெளிப் பக்கத்துக் கரையில் வலை இழுப்பவர். ஒல்லியான, முறுகிய உடம்பு. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். மருத்துவம் சார்ந்தவற்றை மாற்றவில்லை.

“வாய்வு டொக்டர். நல்ல மருந்தொண்டு எழுதித் தாங்கோ” என்றார் வந்ததும்.

எப்போது வரும் என்று கேட்டேன்.

“வலை இழுக்கேக்கதான். கயிறைப் பிடிச்சுப் பின்னால நடக்கேக்க நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி அமத்தும். கெண்டைக்கால் ரெண்டும் ஈரச்சாக்கு மாதிரிப் பாரமாகும். ஒரு அஞ்சு நிமிசம் நிண்டா எல்லாம் போயிடும்.”

போன வருடத் தொழில் காலத்தில் தொடங்கியது. வாடை பிறந்து கடல் கொந்தளிக்க, வள்ளங்கள் கரையேறின. அந்த மூன்று நான்கு மாதமும் நெஞ்சு நோ இல்லை. சுகமாகிவிட்டது என்றே நினைத்திருக்கிறார். கடல் அடங்கி வலை மறுபடி இறங்கியபோது நோவும் திரும்பி வந்தது. சோடா குடித்தார், பார்மசியில் வயிற்றெரிவுக் குளிசை வாங்கிப் போட்டார். கூட இழுப்பவர்கள் “சோம்பேறி” என்று பகிடி பண்ணத் தொடங்கியதும்தான் கிளினிக் வந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துபோனது.

உழைத்தால் வரும், நின்றால் போகும், வேலையில்லாத பருவத்தில் வரவே வராது. இது வாய்வு போகிற வழி இல்லை. இதயத்துக்கு இரத்தம் போதாமல் வரும் நோவுக்கு இதைவிடச் சுத்தமான கதையை நோயாளி சொல்ல முடியாது. ஆனால் 37 வயது. புகைப்பதில்லை. உயரம் 168 சென்ரிமீற்றர், எடை 60 கிலோ. பிரஷர் 122/78. சீனி வருத்தம் இல்லை. இப்படி ஒருவருக்கு ஏன் வரவேண்டும்?

விடை அவருடைய கையில் இருந்தது.

கையும் காலும் சொன்னது

நாடித்துடிப்புப் பார்க்கக் கையைப் பிடித்தபோது, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் மேலே, விரல் மூட்டுகளின் மீது, பட்டாணி அளவில் இரண்டு மூன்று முடிச்சுகள் தட்டுப்பட்டன. கல் போன்ற உறுதி, நோவில்லை.

“அது கயிறு இழுத்த காய்ப்பு” என்றார்.

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். காய்ப்பு அங்கேதான் இருந்தது, மஞ்சள் பாரித்துத் தடித்து. கயிறு உள்ளங்கையைத்தான் காய்க்க வைக்கும், புறங்கையை அது தொடுவதே இல்லை. விரல்களை மடக்கி நீட்டச் சொன்னேன். முடிச்சுகள் தோலுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடின. அதாவது அவை தோலில் இல்லை, விரலை நீட்டும் தசைநாணோடு ஒட்டியிருக்கின்றன. தசைநாணுக்குள் கொலஸ்ட்ரோல் படிந்து உண்டாகும் கட்டிகள் இப்படித்தான் நகரும். குதிக்காலுக்கு மேலுள்ள பெரிய தசைநாணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்துப் பார்த்தால் என் தசைநாணைவிட இரண்டு மடங்கு தடிப்பு. கண்ணின் கருவட்டத்தைச் சுற்றி வெண்சாம்பல் வளையம். எழுபது வயதில் அந்த வளையத்தைப் பார்த்தால் பெரிதாக எடுக்கமாட்டோம். 45 வயதுக்கு முன் பார்த்தால் கொலஸ்ட்ரோல் பரிசோதிக்காமல் அனுப்பக்கூடாது.

குடும்பக் கதையை அப்போதுதான் முறையாகக் கேட்டேன். தகப்பன் 44 வயதில், வள்ளத்தில் வைத்தே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். சித்தப்பா 47 வயதில், இரவு நித்திரையில். ஊரில் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது: “அந்தக் குடும்பத்து ஆம்பிளையளுக்கு ஆயுள் குறைவு.” சனம் பார்த்ததில் பிழையில்லை. அதற்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரோல் என்று ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

இரத்தப் பரிசோதனை

மொத்தக் கொலஸ்ட்ரோல் டெசிலீற்றருக்கு 378 மில்லிகிராம். குழாய்களில் படியும் ‘கெட்ட’ கொலஸ்ட்ரோலான எல்டிஎல் 308. ‘நல்ல’ கொலஸ்ட்ரோலான எச்டிஎல் 44. ட்ரைகிளிசரைட் என்ற இன்னொரு இரத்தக் கொழுப்பு 130. வெறும்வயிற்றுச் சீனி 88, கடந்த சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 5.3 சதவீதம். எல்டிஎல்லை இப்படி ஏற்றக்கூடிய வேறு நோய்களையும் பார்த்தாக வேண்டும். தைரொயிட் சரி, சிறுநீரில் புரதம் இல்லை, ஈரலில் அடைப்பு இல்லை. இந்தப் படம் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள்: எல்டிஎல் மட்டும் வானத்தில், ட்ரைகிளிசரைட்டும் சீனியும் எடையும் சாதாரணம். சாப்பாட்டாலும் தொப்பையாலும் வரும் கொழுப்புக் கோளாறு பெரும்பாலும் இதற்கு எதிராக இருக்கும். அதில் ட்ரைகிளிசரைட் ஏறும், எச்டிஎல் இறங்கும், சீனி கூடும்.

பரம்பரைக் கொலஸ்ட்ரோலைத் தீர்மானிக்க நெதர்லாந்து மருத்துவர்கள் வகுத்த புள்ளிமுறை ஒன்று உலகமெங்கும் பயன்படுகிறது. எல்டிஎல் 250க்கும் 329க்கும் இடையில் என்றால் 5 புள்ளி. தசைநாண் கட்டிக்கு 6. இளவயது இதயநோய் உள்ள நெருங்கிய உறவுக்கு 1. அவருக்கே 55 வயதுக்கு முன் இதயக் குழாய் நோய் என்றால் 2. எட்டுக்கு மேல் போனாலே உறுதி. இவருக்கு 14. மரபணுச் சோதனை செய்யவில்லை. அதற்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப்போடும் தேவையும் இல்லை.

ஓய்விலிருந்தபோது எடுத்த ஈசிஜி சாதாரணம். ஓட்டப் பொறியில் (ட்ரெட்மில்) ஏற்றியபோது ஏழாவது நிமிடத்துக்குள் அதே கல், அதே பாரம், ஈசிஜிக் கோட்டில் இரண்டு மில்லிமீற்றர் இறக்கம், அதாவது இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம். வெளி மாவட்டப் பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பி, இதயக் குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் செய்ததில், இதயத்தின் முன்புறக் குழாயின் நடுப்பகுதியில் 80 சதவீத அடைப்பு. குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்தார்கள். கால்களின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டதில் இரண்டு பக்கமும் 1.05, அதாவது கால் குழாய்களில் அடைப்பு இல்லை.

அந்தக் கடைசி இலக்கம்தான் என்னை நிறுத்தியது. அடைப்பு இல்லாத கால் ஏன் ஈரச்சாக்காகிறது?

குழாய் விரிய மறப்பது

முதலில் எல்டிஎல் ஏன் தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஈரல் கலங்களின் மேற்பரப்பில் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உள்ளன. அவற்றைச் செய்யும் மரபணு 19ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. ஒன்று பழுதாகிவிட்டால் வேலை செய்யும் ஏற்பிகள் ஏறக்குறைய பாதிதான். துறைமுகத்தில் இறக்குதுறை பாதியாகிவிட்டால் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்குமே, அதுபோல. சாதாரணமாக இரண்டரை நாளில் இரத்தத்தை விட்டு நீங்கும் எல்டிஎல், இவர்களிடம் நாலரை நாள் சுற்றுகிறது. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அபூர்வ நோய் என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார்கள்.

பிறக்கிறார்கள் என்ற சொல்லை அழுத்தித்தான் எழுதுகிறேன். 37 வயதில் 308 என்பது, 37 வருடமும் ஏறக்குறைய அந்த அளவில் குழாய்களைக் கழுவிய இரத்தம்.

இரத்தக்குழாயின் உட்பக்கம் ஒற்றைக் கலத் தடிப்பில் ஒரு படலம் இருக்கிறது, அகவணி என்போம். அது வெறும் மேற்பூச்சு என்றுதான் ஒருகாலத்தில் நினைத்தார்கள். தசை வேலை செய்யும்போது இரத்தம் வேகமாக ஓடி அந்தப் படலத்தை உரசுகிறது. உரசலை உணர்ந்த படலம் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைத்திரிக் ஒட்சைட் என்ற வாயுவைச் செய்கிறது. வாயு பக்கத்துத் தசைப்படைக்குள் புகுந்து அதைத் தளர்த்த, குழாய் விரிகிறது, இன்னும் இரத்தம் வருகிறது. ஒரு சில விநாடி வேலை. இந்த வாயுவின் கதையை அவிழ்த்ததற்கு 1998இல் மூவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

எல்டிஎல் கூடிய இரத்தத்தில் என்ன நடக்கிறது? துகள்கள் படலத்துக்குக் கீழே புகுந்து, அங்கே ஒட்சியேற்றப்பட்டுக் கெட்டுப்போகின்றன. நைத்திரிக் ஒட்சைட்டைச் செய்யும் நொதிக்கு ஒரு துணைப் பொருள் வேண்டும். அந்தச் சூழலில் அதுவும் சிதைந்துபோகிறது. துணை இழந்த நொதி சும்மா இருப்பதில்லை. நல்ல வாயுவுக்குப் பதிலாக சுப்பர்ஒட்சைட் என்ற தீங்கான பொருளைச் செய்யத் தொடங்குகிறது. அந்தப் பொருளோ மிச்சமிருக்கும் நைத்திரிக் ஒட்சைட்டையும் விழுங்கிவிடுகிறது. விரிய வேண்டிய நேரத்தில் குழாய் விறைத்து நிற்கிறது. ஏற்கெனவே படிவு உள்ள இதயக் குழாய்கள், விரிக்கச் சொல்லும் சமிக்ஞைக்கு எதிர்மாறாகச் சுருங்கவும் செய்யும்.

இது அடைப்பு வந்த பிறகு நடக்கும் சங்கதி என்று நினைத்தால் பிழை. லண்டனில் 1992இல் வெளியான ஒரு ஆய்வில், பரம்பரைக் கொலஸ்ட்ரோல் உள்ள 8 முதல் 16 வயதுவரையான பிள்ளைகளின் கைக் குழாயை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கையைப் பட்டியால் சில நிமிடம் இறுக்கி, பிறகு விட்டுவிடுவார்கள். இரத்தம் பாய்ந்து வரும்போது சாதாரணப் பிள்ளைகளின் குழாய் விரிந்தது. இந்தப் பிள்ளைகளுடையது விரியவில்லை, அல்லது மிகக் கொஞ்சம் விரிந்தது. எட்டு வயதில்! ஆனால் அதே பிள்ளைகளுக்கு நாக்கின் கீழ் ஜிடிஎன் என்ற நெஞ்சு நோ மருந்தைக் கொடுத்தபோது குழாய் விரிந்தது. தசைப்படை நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு உத்தரவு கொடுக்கும் படலம்தான் பழுது என்பதை அது காட்டியது.

என் நோயாளிக்கும் ஸ்டென்ட் வைப்பதற்கு முன் ஜிடிஎன் குளிசை கொடுத்திருந்தேன். “நாக்குக்குக் கீழ வச்சு ரெண்டு நிமிசத்தில கல்லு இறங்கினது” என்றார். ஜிடிஎன் செய்வது, அந்த நைத்திரிக் ஒட்சைட்டை வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பது.

கெண்டைக்கால் பாரத்தையும் நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். உழைப்புக்கு ஏற்ப இரத்தத்தைக் கூட்ட முடியாத குழாய்களும், அதே நேரம் திணறும் இதயமும் சேர்ந்து கால் தசையைப் பட்டினி போட்டன. அஞ்சியோகிராமில் காணும் அடைப்பு மட்டும் இந்த நோயில்லை. அடைப்பு வருவதற்குப் பல வருடம் முன்பே குழாய் வேலை தவறத் தொடங்கிவிடுகிறது.

எரிசக்திக் கணக்கு

இதயம் 300 கிராம் அளவுள்ள தசை. ஆனால் அது ஒரு நாளில் செலவழித்துத் திரும்பச் செய்யும் ஏடிபி, அதாவது கலத்தின் எரிசக்தி மூலக்கூறு, தன் எடையைவிடப் பல மடங்கு, கிலோக் கணக்கில். அதில் பெரும்பங்கு கொழுப்பமிலங்களை மைட்டோகொண்ட்ரியாவில், அதாவது இழைமணியில், எரித்து வருகிறது. அதற்கு ஒட்சிசன் இடைவிடாமல் வேண்டும். இரத்தம் குறைந்தால் இதயம் ஒட்சிசன் இல்லாத வழிக்கு மாறி, குளுக்கோசைப் பாதியில் உடைத்து, கொஞ்ச ஏடிபியும் நிறைய லக்ரிக் அமிலமும் செய்கிறது. அந்தக் கல் பாரம் இந்தக் கணக்குத் தவறும்போது எழும் முறைப்பாடு.

இதற்கு அப்பால், கலத்துக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது. எல்டிஎல் ஏற்பி இல்லாத எலிகளின் ஈரல் இழைமணிகளைப் பிரேசிலின் காம்பினாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். அவை அதிகமான ஒட்சியேற்றப் பொருட்களை விடுகின்றன, அவற்றை அடக்கத் தேவையான என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு குறைந்திருக்கிறது என்று கண்டார்கள். காரணம் யோசிக்க வைப்பது. வெளியிலிருந்து கொலஸ்ட்ரோலை எடுக்க முடியாத கலம் தனக்கு வேண்டியதைத் தானே செய்கிறது. ஒரு கொலஸ்ட்ரோல் மூலக்கூறுக்கு அசெற்றைல் என்ற சிறு மூலக்கூற்றுத் துண்டுகள் 18 வேண்டும், கூடவே நிறைய என்ஏடிபிஎச்சும். இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் வழிய வழிய, கலம் பஞ்சத்தில் இருப்பவனைப் போல அதைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டுமானத்துக்குப் போன என்ஏடிபிஎச் பாதுகாப்புக்கு மிஞ்சுவதில்லை. இது எலியில் கண்டது, மனிதரில் அப்படியே பொருத்தக்கூடாது. ஆனாலும் “இரத்தத்தில் மிகுதி, கலத்தில் பஞ்சம்” என்பது இந்த நோயை விளங்கிக்கொள்ள எனக்கு உதவிய சித்திரம்.

இன்னொன்று, இவருடைய சீனி 88 ஆக இருந்ததோடு தொடர்புள்ளது. நெதர்லாந்தில் 63,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வில், பரம்பரைக் கொலஸ்ட்ரோல் உள்ளவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு 1.75 சதவீதம், அது இல்லாத உறவினரிடம் 2.93 சதவீதம். இன்சுலின் சுரக்கும் கலங்களுக்குள்ளும் கொலஸ்ட்ரோல் குறைவாகப் போவது காரணமாயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இதனால் நம்மூரில் ஒரு ஆபத்து. சீனி இல்லை, பிரஷர் இல்லை, மெலிந்த உடம்பு என்றால் “உனக்கென்ன, நீ இரும்பு” என்று அனுப்பிவிடுகிறோம்.

தேங்காய்

அப்படித்தான் நடந்தும் இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன் கரையோரத்தில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் இவருடைய மொத்தக் கொலஸ்ட்ரோல் 360 என்று துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “தேங்காயைக் குறையுங்கோ” என்று ஒரு வசனம். அவ்வளவுதான். குடும்பத்தில் யாரும் இளவயதில் இறந்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மனைவி இரண்டு வருடம் தேங்காய் துருவவே இல்லை. இடியப்பத்துக்குச் சொதி என்ற பெயரில் மஞ்சளும் வெங்காயமும் போட்ட தண்ணீர். சம்பல் இல்லை, பால் பிட்டு இல்லை. பிறகு போய்ச் சோதித்தால் 351. வீட்டில் சண்டை வந்திருக்கிறது. “நீங்கள் வெளியில கடையில திண்டிருக்கிறியள்” என்று மனைவி சொல்ல, இவர் சத்தியம் பண்ண, மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. இதை என்னிடம் சொல்லும்போது அந்த அம்மா அழுதுவிட்டார். “அவர் பொய் சொல்லேல்லையே டொக்டர்?”

இல்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாடு நல்லது, தேங்காய்க் கொழுப்பு எல்டிஎல்லைக் கூட்டும் என்பதும் உண்மை. ஆனால் ஏற்பி பாதியாகப் பிறந்தவருக்கு உணவால் இறங்குவது பத்துப் பதினைந்து சதவீதம். 308இல் அது எங்கே காணும்? இந்த நோயை ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பதைப் போல நோயாளிக்குச் செய்யும் அநியாயம் வேறில்லை. அளவான தேங்காய்ப்பாலோடு சொதி அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது.

சிகிச்சை

கொலஸ்ட்ரோலை இறக்க ஸ்ரற்றின் வகையைச் சேர்ந்த அற்றோர்வஸ்ரற்றின் 80 மில்லிகிராம், எசெற்றிமைப் 10 மில்லிகிராம், ஸ்டென்ட்டில் இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரினும் குளோப்பிடோக்ரலும், இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்க பைசோப்ரலோல். ஸ்ரற்றின் வகை மருந்துகளின் முன்னோடியை ஜப்பானிய விஞ்ஞானி அக்கிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்தார். இந்த மருந்து கலம் கொலஸ்ட்ரோல் கட்டுவதைத் தடுக்க, கலம் வேறு வழியின்றி நல்ல பிரதியைக் கொண்டு கூடுதல் ஏற்பிகளைச் செய்து மேற்பரப்பில் வைக்கிறது. குழாயின் படலமும் சில வாரங்களில் தேறத் தொடங்கும்.

எட்டு வாரத்தில் எல்டிஎல் 126. பெரிய இறக்கம்தான், ஆனால் ஏற்கெனவே இதயக் குழாய் நோய் வந்தவருக்கு இலக்கு 55க்குக் கீழ். அதே வகையைச் சேர்ந்த ரோசுவஸ்ரற்றின் 40 மில்லிகிராமுக்கு மாற்றி 117 வரை வந்திருக்கிறோம். மிச்சத்தை இறக்க எல்டிஎல் ஏற்பிகளை அழிக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தை அடக்கும் ஊசிமருந்துகள் 2015இலிருந்து உலகில் பாவனைக்கு வந்துவிட்டன. ஒரு கரைவலைத் தொழிலாளியின் கூலியில் அதை வாங்க முடியாது. இது எனக்கு ஆறாத மனக்குறை.

ஸ்டென்ட் வைத்த பின் கல் இல்லை. கெண்டைக்கால் பாரம் மெதுவாக, மூன்று மாதத்தில் குறைந்தது. “குளிசை ஈரலைத் திண்டுடும் எண்டு சொல்லுறாங்கள்” என்று ஒருமுறை நிறுத்தப் பார்த்தார். ஈரல் சோதனைத் தாளை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு இலக்கமாக விளங்கப்படுத்திய பிறகு நிறுத்தவில்லை.

குடும்பம்

இவருடைய மனைவி இவருக்குச் சொந்த மச்சாள், அத்தை மகள். நோய் தகப்பன் வழி என்றால் அத்தையும், அவர் மூலம் மனைவியும் அதைச் சுமக்கலாம். இருவரும் சுமந்தால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதியும் பழுதாகக் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு வளரும் பருவத்திலேயே மாரடைப்பு வரலாம். அதனால் முதலில் மனைவிக்குத்தான் இரத்தம் எடுத்தேன். அந்த முடிவு வரும்வரை எனக்கும் நிம்மதியில்லை. எல்டிஎல் 118. தப்பினோம்.

மகன், ஒன்பது வயது, 96. மகள், பதினான்கு வயது, 212.

மகளுக்கு அற்றோர்வஸ்ரற்றின் 10 மில்லிகிராம் தொடங்கலாம் என்றபோது தாய் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பொம்பிளைப் பிள்ளை. இப்பவே குளிசை எண்டு வெளியில தெரிஞ்சா நாளைக்கு ஆர் கலியாணம் பேசி வருவினம்?” அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் மூதூரில் இருக்கும் மாமி மகனுக்கு இவளைக் கட்டிக்கொடுப்பது என்று இரண்டு வீட்டிலும் விளையாட்டாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த மாமி என் நோயாளியின் கூடப்பிறந்த அக்கா. மறைத்தால் ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது. கதிரையில் இருந்த மகள் கேட்டாள், “இப்ப போட்டா எனக்கு அப்பாவுக்கு வந்தது வராதா?” எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு வராது என்றேன். பிறகு பிள்ளை பெறும் காலத்தில் குளிசையை முன்கூட்டியே நிறுத்த வேண்டும் என்பதையும் சொன்னேன். “அப்ப தாங்கோ” என்றாள்.

மூதூர் அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். அக்காவுக்கு 248, மகனுக்கு 101. அக்காவுக்கும் மருந்து தொடங்கியாயிற்று.

தம்பி, 33 வயது, வரவேயில்லை. “எனக்கொண்டும் இல்லை” என்று ஆறு மாதம் தட்டிக் கழித்தார். வாடை பிறந்து வலைகள் கரையில் காய்ந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை அண்ணனே அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்தார். நான் கேட்பதற்கு முன் அண்ணன் தம்பியின் கையைப் பிடித்து மேசையில் வைத்து, விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். முடிச்சு நகர்ந்தது.

எல்டிஎல் 271. தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆறு வயது. அடுத்த திங்கள் இருவரையும் கூட்டிவரச் சொல்லி, கிளினிக் கொப்பியில் திகதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.